சுமை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் வழியில் நின்றுவிட்டால்

கரும்போ நெல் மூட்டையோ ஏற்றிய டிரெய்லர் இரவில் சாலையோரம் பழுதாகி நிற்கும்போது, பின்னால் விரைந்து வரும் வாகனங்களின் கண்ணில் அது படாமல் போவதே பெரிய ஆபத்து. ஆகவே பின்புறத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுவதுடன், எச்சரிக்கை முக்கோணம் ஒன்றை உடன் வைத்திருந்து, வண்டி நின்றவுடன் அதைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைத்துவிட வேண்டும். டிராக்டர் டயர் டிரெய்லருக்குப் பொருந்தாது என்பதால் தனி ஸ்டெப்னி அவசியம். அதில் காற்று இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கட்டைகளும், ஜாக்கியின் அடியில் வைக்க அகலமான தடித்த பலகையும் கட்டாயம் இருக்கட்டும், ஏனெனில் சாலையோர மண்ணில் பலகையின்றி ஜாக்கி ஏற்றினால், சுமை அழுத்த அழுத்த அது புதைந்து சாய்ந்துவிடும். சக்கரத்தைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.