ஃபயர்ஃபாக்ஸ் நைட்லியில் வீடியோவைச் சோதிப்பது எப்படி

நைட்லி என்பது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் நாள்தோறும் புதுப்பிக்கப்படும் சோதனைப் பதிப்பு. "நைட்லியில் வீடியோ ஓடவில்லை" என்று ஒற்றை வரியில் புகார் அனுப்பினால் அதை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கோளாறு பிரவுசரிலா, கிராஃபிக்ஸ் டிரைவரிலா, அந்த இணையதளத்திலா, இல்லை ஃபைலிலேயேவா? நான்கில் எது என்று சுருக்கிக் கொடுப்பதுதான் சோதிப்பவரின் வேலை. மீதியை டெவலப்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். விண்டோஸ் கணினியை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். பெரும்பாலானவை மேக்குக்கும் லினக்ஸுக்கும் பொருந்தும்.

முதலில் ஒதுக்கி வையுங்கள்

நைட்லிக்கு வழக்கமாக நாளுக்கு இரண்டு புதிய பில்டுகள் (தொகுத்த பதிப்புகள்) வரும். அதில் நுழையும் நிரல் சுமார் 4 வாரம் கழித்து பீட்டா என்ற அடுத்த கட்டச் சோதனைப் பதிப்புக்கும், இன்னும் 4 வாரம் கழித்து எல்லோரும் பயன்படுத்தும் வெளியீட்டுக்கும் போகும். அன்றாடம் பயன்படுத்தும் ஃபயர்ஃபாக்ஸைச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். நைட்லியை அதன் பக்கத்திலேயே நிறுவலாம். 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி ப்ரொஃபைல் (உங்கள் அமைப்புகளும் நீட்சிகளும் சேமிக்கப்படும் இடம்) உண்டு, எனவே ஒன்றோடொன்று மோதாது.

மோதல் வருவது நாமாகக் கலக்கும்போதுதான். பழைய ப்ரொஃபைலை நைட்லியில் ஒருமுறை திறந்துவிட்டால், பிறகு பழைய பதிப்பு அதைத் திறக்க மறுக்கும். ஃபயர்ஃபாக்ஸின் சின்க் கணக்கில் நுழைந்தால் உங்கள் நீட்சிகளெல்லாம் (எக்ஸ்டென்ஷன்கள்) பின்னாலேயே வந்து சேரும். விளம்பரத் தடுப்பான் செய்த குளறுபடிக்கு நைட்லியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வெற்று ப்ரொஃபைல், நீட்சி எதுவும் இல்லை, வங்கிக் கணக்கும் அதில் வேண்டாம்.

அமைப்புகளில் அப்டேட் பகுதிக்குப் போய், தானாக நிறுவுவதை நிறுத்தி "கேட்டுவிட்டு நிறுவு" என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் ஒரு பில்டில் பார்த்த கோளாறை மாலையில் வேறொரு பில்டில் தேடுவீர்கள்.

முகவரிப் பட்டையில் ஆங்கில எழுத்தில் அபவுட்:சப்போர்ட் (about:support) என்று அடியுங்கள். மேலேயே பில்ட் ஐடி என்று 14 இலக்க எண் இருக்கும். வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று சேர்த்து எழுதியதுதான் அது. நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரம், இந்திய நேரம் அல்ல. "இன்றைய நைட்லி" என்று எழுதினால் இரண்டில் எது என்று தெரியாது. இந்த எண்ணை எழுதினால் சந்தேகமே இல்லை.

அதே பக்கத்தில் கீழே இறங்கினால் மீடியா பகுதி. ஆடியோ கருவிகளின் பட்டியலோடு கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) அட்டவணையும் இருக்கும்: எச்.264, விபி9, ஏவி1 என்று ஒவ்வொன்றையும் மென்பொருளில் விரிக்க முடியுமா, வன்பொருளில் விரிக்க முடியுமா என்று அது சொல்லும். உங்கள் சிப்புக்குத் திறமை இல்லாத இடத்தில் கோளாறு தேடக் கூடாது. இன்டெல்லில் 11-ஆம் தலைமுறை லேப்டாப் சிப்கள், என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை, ஆப்பிளில் எம்3 ஆகியவற்றிலிருந்துதான் ஏவி1-க்கு வன்பொருள் உதவி உண்டு. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசைக்கு உண்டு, ஆனால் அதே வரிசையின் 6400-க்கும் 6500 எக்ஸ்டிக்கும் கிடையாது. பெட்டி மேல் உள்ள எண்ணை நம்பி ஏமாறுகிற இடம் இது. எச்இவிசியை (எச்.265) பொறுத்தவரை விண்டோஸ் ஃபயர்ஃபாக்ஸில் 134-ஆம் பதிப்பில்தான், அதுவும் வன்பொருள் உதவியோடு வந்தது.

சோதனை வீடியோவை நீங்களே செய்யுங்கள்

யூடியூபில் கையில் கிடைத்த வீடியோவை வைத்துச் சோதிப்பதில் ஒரு சிக்கல்: நேற்று விபி9-இல் வந்த வீடியோ இன்று ஏவி1-இல் வரலாம். எது மாறியது என்று தெரியாமல் போகும். எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) என்ற வீடியோ மாற்றும் கருவி இருந்தால் 2 நிமிட வேலை. அதில் டெஸ்ட்எஸ்ஆர்சி என்ற சோதனைப் படமும் சைன் என்ற ஒலி மூலமும் உள்ளேயே இருக்கின்றன. ஃபைல் இல்லாமலே படமும் ஒலியும் தரும் லாவ்ஃபி (lavfi) உள்ளீடாக இரண்டையும் கொடுங்கள். அளவு 1920 × 1080, நொடிக்கு 60 ஃபிரேம், நீளம் 120 நொடி. படத்தில் நொடிக்கணக்கு பெரிய எண்ணாக ஓடும். சைனில் பீப் ஃபேக்டரை 4 என்று வைத்தால் ஒவ்வொரு நொடி தொடங்கும்போதும் ஒரு கீச்சொலி கேட்கும். எண் மாறுவதும் கீச்சொலியும் ஒன்றாக வர வேண்டும். ஒலி-ஒளி ஒத்திசைவைப் பார்க்க இதைவிட எளிய கருவி தேவையில்லை.

பிக்சல் ஃபார்மட்டை மறக்காமல் ஒய்யுவி420பி (yuv420p) என்று குறிப்பிடுங்கள். டெஸ்ட்எஸ்ஆர்சி தருவது ஆர்ஜிபி படம். சொல்லாமல் விட்டால் எச்.264-ஆக மாற்றும் எக்ஸ்264 என்கோடர் அதை நிற விவரம் குறைக்காத 4:4:4 வகையாக எழுதிவிடும். அந்த ஃபைல் விஎல்சியில் அழகாக ஓடும், ஃபயர்ஃபாக்ஸில் ஓடாமல் போகலாம். அது நைட்லியின் குற்றமல்ல.

மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள்: எச்.264-உம் ஏஏசியும் எம்பி4-இல், விபி9-உம் ஓப்பஸும் வெப்எம்-இல், ஏவி1-உம் ஓப்பஸும் வெப்எம்-இல். ஏஏசியும் ஓப்பஸும் ஒலிக்கான கோடெக்குகள், எம்பி4-உம் வெப்எம்-உம் ஃபைல் வகைகள். ஏவி1-க்கு எஸ்விடி என்கோடரைப் பயன்படுத்துங்கள். லிப்ஏஓஎம் என்ற இன்னொரு என்கோடர் வழியாகப் போனால் டீ குடித்துவிட்டு வந்தும் முடிந்திருக்காது. மூன்றையும் முதலில் அன்றாட ஃபயர்ஃபாக்ஸில் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடி நைட்லியில் கெட்டால்தான் புதிய கோளாறு.

வன்பொருளா, மென்பொருளா

வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவை (கிராஃபிக்ஸ் சிப்) தேர்ந்தெடுங்கள். "வீடியோ டிகோட்" என்ற வரைபடம் எழும்பினால் வன்பொருள் வேலை செய்கிறது. சில ஏஎம்டி சிப்களில் அதே வரைபடம் "வீடியோ கோடெக்" என்ற பெயரில் இருக்கும். அது தரையோடு கிடந்து சிபியு மட்டும் ஏறினால் மென்பொருள்தான் விரிக்கிறது. கோடெக் அட்டவணையில் வன்பொருள் உண்டு என்று இருந்தும் வரைபடம் அசையவில்லையா? படம் ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள், அதுவே புகார் செய்யத்தக்க விஷயம்.

அடுத்து, அமைப்புகளில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பரிந்துரைத்த அமைப்பை நீக்கி, ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை அணைத்து, நைட்லியை மூடித் திறந்து அதே ஃபைலை ஓட்டுங்கள். கோளாறு மறைந்தால் சந்தேகம் டிரைவர் பக்கமும், பிரவுசர் அதோடு பேசும் பகுதியின் பக்கமும் போகிறது. இங்கே பலரும் சறுக்குவது ட்ரபிள்ஷூட் மோடில். "ட்ரபிள்ஷூட் மோடில் சரியாகிவிட்டது, ஆகவே நீட்சிதான் காரணம்" என்று முடிவுகட்டுவார்கள். அந்த மோட் நீட்சிகளை மட்டும் அணைப்பதில்லை, ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனையும் சேர்த்தே அணைக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? புதிய ப்ரொஃபைலில் சோதிப்பதே சரி.

ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் இருக்கும்போதும் அணைத்த பிறகும் நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தால் லிமிடெட், ஃபுல் என்ற அளவு வரம்பு குழம்பியிருக்கிறது. பச்சையும் சிவப்பும் லேசாக இடம் மாறியிருந்தால் பிடி.601, பிடி.709 என்ற இரண்டு நிறக்கணக்கு முறைகளில் தவறானதை எடுத்திருக்கிறது. இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் அருகருகே வைத்து அனுப்பினால் விளக்கவே வேண்டியதில்லை.

ஆட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள்

முதலிலிருந்து கடைசிவரை அமைதியாக ஓட்டினால் கோளாறு அநேகமாக அகப்படாது. ஓடும்போதே 20, 30 முறை முன்னும் பின்னும் தாவுங்கள். வேகத்தை 2 மடங்காக்குங்கள். வேறு அளவுள்ள இரண்டாம் திரைக்கு இழுத்துப் போங்கள். முழுத்திரையிலிருந்து பிக்சர்-இன்-பிக்சர் என்ற மிதக்கும் சிறு சாளரத்துக்கு மாற்றுங்கள். டேபைப் பின்னால் தள்ளி 10 நிமிடம் கழித்து எடுங்கள். ஹெட்ஃபோனைப் பிடுங்கிச் செருகுங்கள். ஒலி ஸ்பீக்கருக்குத் தாவ வேண்டும், படம் நிற்கக் கூடாது.

விண்டோஸில் இன்னொரு நல்ல சோதனை உண்டு. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒருசேர அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். திரை ஒரு கணம் இருண்டு மீளும். பிறகு வீடியோ தானாகவே தொடர வேண்டும். ஒலி மட்டும் ஓடிப் படம் உறைந்திருந்தாலோ, பச்சையாகப் போனாலோ நல்ல கோளாறு ஒன்று கிடைத்துவிட்டது. லேப்டாப் மூடியைச் சாத்தித் திறக்கும்போது எப்போதாவது வரும் சிக்கல்களில் சிலவற்றை இப்படி வேண்டும்போது வரவழைக்கலாம். திறந்திருக்கும் மற்ற வேலைகளைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒத்திசைவைப் புளூடூத் ஹெட்ஃபோனில் சோதிக்கவே கூடாது. அதன் தாமதமே 100 மில்லிநொடிக்கு மேல் போகக்கூடியது. வயர் உள்ளதை எடுங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பரிந்துரை பிடி.1359-இன் கணக்குப்படி ஒலி 45 மில்லிநொடி முந்தினாலும் 125 மில்லிநொடி பிந்தினாலும் மனிதருக்குத் தெரிய ஆரம்பிக்கும். 60 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி, எனவே ஏறத்தாழ 3 ஃபிரேம் முந்தல், ஏழரை ஃபிரேம் பிந்தல். தொடக்கத்தில் ஒருமுறை, தாவிய பிறகு ஒருமுறை, கடைசியில் ஒருமுறை பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகுவதும், தாவியவுடன் ஒரேயடியாக விலகுவதும் வேறு வேறு கோளாறுகள். எது என்று எழுதுங்கள்.

யூடியூபில் சோதித்தே ஆக வேண்டுமென்றால் வீடியோமேல் வலது கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறங்கள். கோடெக் வரியில் ஏவி01, விபி09, ஏவிசி1 என்று எதில் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு, விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். தொடங்கும்போதும் திரை அளவு மாறும்போதும் சில விடுபடுவது சகஜம். சும்மா ஓடும்போது ஏறிக்கொண்டே போனால்தான் கவலை.

கோளாறு அல்லாத சிலவும் உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரையில் 24 ஃபிரேம் படம் லேசாகத் தத்தும், ஏனென்றால் ஒரு ஃபிரேம் 3 முறையும் அடுத்தது 2 முறையும் காட்டப்படுகிறது. ஒலியுள்ள வீடியோ தானாகத் தொடங்காதது கொள்கை முடிவு. குரோம் 2018-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2019-இலும் கொண்டுவந்தன, இரண்டிலும் அது 66-ஆம் பதிப்பு என்பது தற்செயல்.

எப்போது கெட்டது என்று கண்டுபிடிப்பது

வீடியோ விரிப்பது தனி ப்ராசஸில் நடப்பதால், அது செத்தாலும் டேப் உயிரோடு இருக்கும். படம் ஒரு நொடி தயங்கும், அவ்வளவுதான். ஆகவே தயக்கம் தெரிந்தால் அபவுட்:கிராஷஸ் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். புதிய அறிக்கை வந்திருந்தால் அதை அனுப்பி, பிறகு கிடைக்கும் பிபி (bp-) என்று தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் குரோமின் சோதனைப் பதிப்பான கேனரியை வைத்திருப்பதும் நல்லது. அதன் டெவலப்பர் டூல்ஸில் மீடியா பக்கம் டிகோடரின் பெயரையும் அது வன்பொருளா என்பதையும் சொல்லும். இரண்டு பிரவுசரிலும் கெட்டால் டிரைவர்மேலோ ஃபைல்மேலோ சந்தேகப்படலாம். ஏவி1-இல் மட்டும் ஒரு எச்சரிக்கை: மென்பொருளில் விரிக்க இரண்டுமே டேவ்1டி என்ற ஒரே நூலகத்தைத்தான் பயன்படுத்துகின்றன, எனவே இரண்டிலும் கெட்டால் குற்றம் அந்த நூலகத்திலும் இருக்கலாம்.

பிறகு மோஸ்ரிக்ரெஷன் (mozregression), எந்தப் பில்டில் கோளாறு நுழைந்தது என்று தேடும் கருவி. எந்தத் தேதியில் நன்றாக இருந்தது, எந்தத் தேதியில் கெட்டிருந்தது என்று இரண்டையும் கொடுத்தால், நடுவில் உள்ள பில்டை இறக்கித் திறந்து காட்டும். நீங்கள் நல்லது, கெட்டது என்று பதில் சொல்லச் சொல்லப் பாதிபாதியாகச் சுருக்கும். 64 நாள் இடைவெளியை 6 கேள்வியில் ஒரு நாளாக்கிவிடும், பிறகு அந்த நாளின் மாற்றங்களுக்குள்ளும் போகும். 10-இல் 3 முறைதான் வரும் கோளாறு என்றால் ஒருமுறை பார்த்துவிட்டு "நல்லது" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு தவறான பதில் மொத்தத் தேடலையும் திசைமாற்றிவிடும். முன்பு நன்றாக ஓடியதாக நினைத்த பழைய பில்டிலும் இப்போது கெட்டால், மாறியது பிரவுசர் அல்ல. டிரைவர் புதுப்பிக்கப்பட்டதா, தளம் மாறியதா என்று பாருங்கள்.

லாக் (பிரவுசருக்குள் நடந்தவற்றின் பதிவு) தேவைப்பட்டால் அபவுட்:லாகிங் பக்கத்தில் மீடியா பிளேபேக் என்ற தயார் அமைப்பைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கி, கோளாறை வரவழைத்து, உடனே நிறுத்துங்கள். அரைமணி நேர லாகை யாரும் படிக்க மாட்டார்கள். அதில் நீங்கள் திறந்த முகவரிகள் இருக்கலாம், புகார்களைப் பதியும் பக்ஸில்லா தளமோ பொது இடம். மற்ற டேப்களை மூடிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பக்ஸில்லாவில் முதலில் தேடுங்கள், ஏற்கெனவே இருந்தால் உங்கள் விவரத்தை அங்கேயே சேர்த்துவிடுங்கள். புதிதென்றால் கோர் என்ற பிரிவில் "ஆடியோ/வீடியோ: பிளேபேக்" என்ற உட்பிரிவு. வேண்டியவை: பில்ட் ஐடி, படிகள், என்ன நடக்க வேண்டியது, என்ன நடந்தது, 10-இல் எத்தனை முறை, வன்பொருளை அணைத்தால் என்ன ஆகிறது, மோஸ்ரிக்ரெஷன் விடை, அபவுட்:சப்போர்ட் பக்கத்தின் முழு நகல், கோளாறைக் காட்டும் மிகச் சிறிய ஃபைல். 120 நொடி ஃபைலை 5 நொடியாக வெட்டியும் வருகிறதென்றால் 5 நொடியையே அனுப்புங்கள். திருத்தம் நைட்லியில் நுழைந்ததும் அதே ஃபைலைப் புதிய பில்டில் ஓட்டிப் பார்த்து, சரியானதா இல்லையா என்று அந்தப் பில்ட் ஐடியோடு அதே புகாரின் கீழ் எழுதுங்கள்.