இழுக்க வண்டி இல்லாமல் படகை வேறு நீருக்கு மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

படகு இருக்கிறது, அதற்கு ட்ரெய்லரும் இருக்கிறது, இழுக்க வண்டி மட்டும் இல்லை. அமெரிக்காவில் சின்னப் படகு வைத்திருக்கும் பலருடைய நிலைமை இதுதான். நகரத்து அபார்ட்மென்ட்டில் பிக்கப் ட்ரக்கை வருடம் முழுக்க நிறுத்த இடமும் கிடையாது, எப்போதோ ஒரு தடவை இழுப்பதற்காக அவ்வளவு பெரிய வண்டி வாங்குவதிலும் அர்த்தமில்லை. ஆனால் கோடையில் மிச்சிகன் ஏரி, குளிருக்குத் தெற்கே ஃப்ளோரிடா கீஸ் தீவுகள், வசந்தத்தில் யூட்டா பக்கம் லேக் பவல் என்று ஆசை மட்டும் ஓடுகிறது. ட்ரெய்லரில் ஏறும் படகை வாங்கியதே அதற்குத்தானே.

வாடகைக்கு ட்ரக் எடுக்கலாம், படகு ஏற்றிச் செல்வதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம், குறுகிய தூரம் என்றால் படகு நிறுத்தும் துறையான மெரினாவை நடத்துபவரையே இழுத்துத் தரச் சொல்லலாம். வண்டிக்கு வழி கிடைத்துவிடும். எல்லாரும் அதைப் பற்றியே கவலைப்பட்டு ட்ரெய்லரையும் காகிதங்களையும் கவனிக்காமல் விடுவதால்தான் பயணம் பாதி வழியில் நிற்கிறது.

முதல் தவறு, விற்பனைத் தாளில் போட்டிருக்கும் எடையை நம்புவது. அது வெறும் படகின் எடை. கேட்டலினா 22 மாதிரி ஒரு பாய்மரப் படகு சுமார் 2,200 பவுண்டு என்று போட்டிருப்பார்கள், அதாவது ஒரு டன். அதன் மேல் இன்ஜின், பேட்டரி, நங்கூரம், சங்கிலி, பாய்கள், உள்ளே அடுக்கி வைத்த சாமான், எல்லாவற்றுக்கும் மேலாக ட்ரெய்லரின் சொந்த எடை. பெட்ரோல் ஒரு கேலனுக்கு 6 பவுண்டு, தண்ணீர் 8 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், ஆக 20 கேலன் குடிநீர்த் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு கிளம்பினாலே ஒரு ஆளைக் கூடுதலாக ஏற்றின மாதிரிதான். கூட்டிப் பார்த்தால் 3,500 பவுண்டை நெருங்கிவிடும். உங்களிடம் வண்டி இல்லை என்பதால் எடை போடுவதும் சுலபமில்லை. அதனால் முதல் தடவை யார் இழுத்தாலும் சரி, நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடங்களில் இருக்கும் எடை மேடையில் ஒரு நிமிடம் ஏற்றி இறக்கிச் சீட்டு வாங்கி வையுங்கள். அடுத்த முறை ட்ரக் தேடும்போதும் லாரிக்காரரிடம் விலை கேட்கும்போதும் அந்தச் சீட்டுதான் பேசும்.

வாடகை ட்ரக் எடுப்பவர்கள்

விமான நிலையத்துக் கவுன்ட்டரில் கிடைக்கும் சாதாரண வாடகை வண்டியில் எதையும் இழுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். பின்னால் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் இருக்கிறது என்பதால் அனுமதி இருக்கிறது என்று ஆகிவிடாது. இழுப்பதற்கென்றே ட்ரக் தரும் வணிக வாடகைப் பிரிவுகள் தனியாக இருக்கின்றன, அங்கேதான் கேட்க வேண்டும். கேட்கும்போது "ட்ரக் கிடைக்குமா" என்று கேட்டால் கிடைக்கும் என்றுதான் சொல்வார்கள். எத்தனை பவுண்டு இழுக்கும், ட்ரெய்லர் வந்து உட்காரும் இரும்பு உருண்டையான பால் (ball) எந்த அளவு, ட்ரெய்லருக்கு மின் இணைப்பு எத்தனை முனை, ட்ரெய்லரின் மின்சார பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பிரேக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். படகு ட்ரெய்லர்களில் பொதுவாக இருப்பது சர்ஜ் பிரேக். முன்னால் போகிற வண்டி வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் முன்னே தள்ளும், அந்தத் தள்ளலிலேயே, பாலின் மேல் மாட்டும் ட்ரெய்லர் முனையான கப்ளருக்குள் இருக்கும் ஹைட்ராலிக் அழுத்தப்பட்டு பிரேக் பிடிக்கும். இதற்கு வண்டிக்குள் தனிக் கருவி எதுவும் தேவையில்லை, அதனால் சொந்த வண்டி இல்லாதவருக்கு இதுதான் நல்லது. மின்சார பிரேக், அல்லது மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் ட்ரக்கில் கன்ட்ரோலர் இருந்தே ஆக வேண்டும், வாடகை ட்ரக்குகள் பலவற்றில் அது இருக்காது. ட்ரெய்லர் வாங்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

சர்ஜ் பிரேக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ரிவர்ஸ் எடுக்கும்போதும் ட்ரக் ட்ரெய்லரைத் தள்ளத்தானே செய்கிறது, அதனால் பிரேக் பிடித்துக்கொள்ளும். இதைத் தடுக்கப் பல ட்ரெய்லர்களில் ஐந்தாவதாக ஒரு கம்பி இருக்கும், ட்ரக்கின் ரிவர்ஸ் விளக்கு எரியும்போது அதன் வழியாக மின்சாரம் வந்து பிரேக்கை விடுவிக்கும். வாடகை ட்ரக்கில் நான்கு முனைத் தட்டை இணைப்பு மட்டும் இருந்தால் விளக்குகள் எல்லாம் அழகாக எரியும், சாலையில் ஒரு குறையும் தெரியாது, படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவான ரேம்ப்பில் ரிவர்ஸ் போடும்போதுதான் ட்ரெய்லர் அடம்பிடிக்கும். பின்னால் வரிசையில் பத்துப் பேர் காத்திருப்பார்கள். ஏழு முனை ட்ரக் கேட்டு வாங்கி, ஏழிலிருந்து ஐந்துக்கு மாற்றும் அடாப்டரை உங்கள் பையிலேயே வைத்திருங்கள்.

அப்புறம் பால். 1⅞ அங்குலம், 2 அங்குலம், 2 5/16 அங்குலம் என்று மூன்று அளவுகள் புழக்கத்தில் உள்ளன. 2 அங்குலக் கப்ளர் 1⅞ அங்குல பாலின் மேல் உட்கார்ந்துகொள்ளும், பூட்டின மாதிரியும் தெரியும், ஒரு பள்ளத்தில் குதித்ததும் கழன்றுவிடும். பாலின் தலையிலேயே அளவு பொறித்திருக்கும், பாருங்கள். உங்கள் ட்ரெய்லருக்குப் பொருந்தும் பாலும் அதைத் தாங்கும் பட்டையும் சொந்தமாக வாங்கிவிடுவது பெரிய செலவில்லை.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரெய்லர் சாலையில் யாரையாவது இடித்தால் அந்தப் பொறுப்பு பொதுவாக இழுக்கும் வண்டியின் காப்பீட்டின் மேல்தான் விழும். காரே இல்லாதவருக்கு அந்தக் காப்பீடும் இருக்காது, கடன் அட்டை தரும் வாடகைக் காப்பீடு ட்ரக்குகளைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை, படகின் பாலிசி படகுக்கு வரும் சேதத்தோடு நின்றுவிடலாம். மூன்று பக்கமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போனில் சொன்ன "ஆமாம் சார்" எதற்கும் உதவாது.

இன்னொரு கணக்கு. இழுக்கும் ட்ரக்கைப் பல இடங்களில் எடுத்த ஊரிலேயேதான் திருப்பித் தர வேண்டும். சிகாகோவிலிருந்து ஃப்ளோரிடா கீஸின் கோடியில் இருக்கும் கீ வெஸ்ட் சுமார் 1,500 மைல், திரும்பி வரும் 1,500 மைல் வெறும் ட்ரக். மைலுக்கு இவ்வளவு என்ற வாடகை, பெட்ரோல், வழியில் தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் தொழில்முறை லாரிக்காரர் கேட்கும் தொகை அநியாயமாகத் தெரியாது. பாதி நாள் தூரத்துக்கு மேல் என்றால் நான் லாரிக்காரர் பக்கம்தான்.

லாரிக்காரரிடம் கொடுப்பவர்கள்

இதில் இரண்டு வகை. ஒருவர் தன் பெரிய வண்டியில் படகைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார், இன்னொருவர் தன் ட்ரக்கோடு வந்து உங்கள் ட்ரெய்லரையே இழுத்துப் போவார். இரண்டாவது மலிவு, ஆனால் உங்கள் ட்ரெய்லர் ஆயிரம் மைல் ஓடத் தயாராக இருக்க வேண்டும். வருடக்கணக்கில் மெரினா ஓரத்தில் புல் முளைத்து நின்ற ட்ரெய்லரைக் காட்டி "நல்லாத்தான் இருக்கு" என்றால் அவர் டயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார், வந்து போன செலவு உங்கள் தலையில். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டிய ட்ரெய்லர் டயரை நெடும்பயணத்துக்கு நம்ப வேண்டாம், வெயிலில் ரப்பர் உள்ளுக்குள் செத்துப்போயிருக்கும். பேரிங்கைக் கழற்றிப் பார்த்துப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். ஓடிச் சூடான சக்கரத்தை உடனே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பேரிங் துருப்பிடிப்பது அங்கேதான் தொடங்குகிறது. ஒரு ஸ்டெப்னியும், முடிந்தால் கிரீஸ் போட்டுத் தயாராக வைத்த ஒரு ஹப்பும் (சக்கரத்தின் நடுவே பேரிங் இருக்கும் பகுதி) கூடவே போகட்டும்.

யாரிடம் கொடுக்கிறோம் என்று பாருங்கள். போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் பல நேரம் தரகர், அவரிடம் லாரி கிடையாது. தரகர் வைத்துக்கொள்வது சட்டத்துக்கு விரோதமில்லை, ஆனால் ஓட்டப்போகிறவர் யார் என்று தெரிந்தே ஆக வேண்டும். மாநில எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றும் நிறுவனத்தின் யுஎஸ் டிஓடி எண்ணை (போக்குவரத்துத் துறை தரும் பதிவு எண்) வாங்கி, லாரி நிறுவனங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவின் தளத்தில் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: அங்கே கட்டாயமாகக் காட்டுவது பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. வீட்டுச் சாமான் ஏற்றுபவர்களைத் தவிர மற்றவர்களுக்குச் சரக்குக் காப்பீடு மத்தியச் சட்டப்படி கட்டாயமில்லை. உங்கள் படகுக்கு அடிபட்டால் யார் தருவார்கள் என்பதற்குத் தனிச் சான்றிதழ் கேளுங்கள், அதையும் காப்பீட்டு நிறுவனமே நேராக அனுப்பட்டும்.

அளவுகளைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். 8 அடி 6 அங்குலத்துக்கு மேல் அகலம் போனால் ஒவ்வொரு மாநிலத்திலும் சிறப்பு அனுமதி. உயரம் கிழக்கு மாநிலங்களில் பொதுவாக 13 அடி 6 அங்குலம். ட்ரெய்லரின் மேல் வைத்து, தரையிலிருந்து உச்சி வரை டேப் பிடித்து அளந்து சொல்லுங்கள். மடக்கிய பாய்மரம் பின்னால் 4 அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புக் கொடி கட்ட வேண்டும்.

துணிக் கூரையைக் கழற்றுங்கள், மேல்தள மூடிகளான ஹேட்ச்களை வெளியிலிருந்தும் கட்டுங்கள், வின்ச் பட்டை மட்டும் படகைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். அது ஏற்றுவதற்கு. ஓடும்போது பிடிக்க முன்னால் ஒரு சங்கிலி, பின்னால் இரண்டு பக்கமும் பட்டை வேண்டும். அடியில் ஏற்றி இறக்கும் கனமான தகடான ஊஞ்சல் கீல் (swing keel) உள்ள படகில் அந்தக் கீல் ட்ரெய்லரின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், கேட்டலினா 22இல் அது 550 பவுண்டு இரும்பு, அந்தக் கனம் ஆயிரம் மைல் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டு ஆடக் கூடாது. எல்லாம் கட்டி முடித்த பிறகு சுற்றிலும் படம் எடுங்கள், ஓட்டுநர் கண் முன்னாலேயே.

சிப்பிச் சோதனை

படகில் ஒட்டிக்கொண்டு வேறு நீருக்குப் பரவும் அந்நியச் சிப்பிகளைத் தடுக்கத்தான் இந்தச் சோதனை, மேற்கு மாநிலங்களுக்குப் போகிறவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். 1980களின் கடைசியில் மிச்சிகன் முதலான பெரிய ஏரிகளில் (கிரேட் லேக்ஸ்) வரிக்குதிரைச் சிப்பி வந்து ஒட்டியது, 2007இல் மேற்கே லேக் மீடில் குவாக்கா சிப்பி, பிறகு லேக் பவல், 2024 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் துறைமுகத்தில் தங்கச் சிப்பி. எல்லாமே படகோடும் கப்பலோடும் பயணம் செய்தவை. மான்டனா, ஐடஹோ, வாஷிங்டன் மாதிரி மாநிலங்களில் சாலையோரச் சோதனை நிலையம் திறந்திருந்தால் படகோடு போகிற எவரும் நின்றே ஆக வேண்டும், உங்கள் படகை இழுத்துப்போகும் லாரிக்காரரும்தான். ஒட்டின சிப்பி ஒன்று கிடைத்தால் போதும், வெந்நீர் அடித்துக் கழுவுவார்கள், சில இடங்களில் நாள்கணக்கில் காய வைத்த பிறகுதான் தண்ணீரில் இறங்க விடுவார்கள். லாரிக்காரர் அத்தனை நேரம் சும்மா நிற்க மாட்டார், மீட்டர் ஓடும்.

ஆகவே கிளம்பும் முன்பே அடிப்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பில்ஜ் (படகின் அடித்தளக் குழி), லைவ் வெல் (மீனை உயிரோடு வைக்கும் தொட்டி), இன்ஜின் எல்லாவற்றிலும் தண்ணீரை வடித்துக் காய வையுங்கள். மேக்ரெகர் 26 மாதிரி தண்ணீரையே பாரமாக நிரப்பும் படகு வைத்திருப்பவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும், அந்தத் தொட்டியின் மூலையில் மிச்சம் நிற்கும் தண்ணீர்தான் சோதனைக்காரருக்கு முதல் சந்தேகம். பல மாநிலங்களில் சாலையில் போகும்போது வடிகால் பிளக் கழற்றியிருக்க வேண்டும் என்பது சட்டம். கழற்றிய பிளக்கை ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், அந்தப் பக்கம் படகை இறக்கப்போகிறவர் நீங்கள் இல்லை.

போய்ச் சேரும் இடம்

இறக்குவதற்கு அங்கே யார்? லாரிக்காரர்கள் பலர் தங்கள் விலை உயர்ந்த ட்ரக்கை உப்புத் தண்ணீர் ரேம்ப்பில் இறக்கச் சம்மதிக்க மாட்டார்கள். மெரினாவில் ட்ராக்டரோ தூக்கியோ இருக்கிறதா, காலி ட்ரெய்லரை மாதக்கணக்கில் வைத்துக்கொள்வார்களா, லாரி சனிக்கிழமை மாலை வந்தால் வாங்கி வைக்க ஆள் உண்டா என்று முன்னாலேயே பேசி வையுங்கள். இந்த நாள், இந்த மணி என்று எந்த லாரிக்காரரும் உறுதி தர மாட்டார்.

வண்டியே வேண்டாம், தண்ணீரிலேயே போய்விடுகிறேன் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து உள்நாட்டு நீர்வழி தெற்கே மியாமி வரை ஆயிரம் மைலுக்குக் கொஞ்சம் மேல் ஓடுகிறது, அருமையான பயணம். ஆனால் படகு ஃப்ளோரிடாவில், ட்ரெய்லர் வர்ஜீனியாவில். ஜூன் 1 அன்று புயல் பருவம் தொடங்கும்போது படகைத் தண்ணீரிலிருந்து எடுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. காலி ட்ரெய்லரைத் தனியாக அனுப்ப முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பாலிசியில் போட்டிருக்கும் பயண எல்லையையும் பாருங்கள், மிச்சிகன் ஏரிக்கு எழுதிய பாலிசி கீஸில் செல்லாமல் போகலாம், புயல் பருவம் முடியும் நவம்பர் கடைசி வரை தெற்கே இருக்கக் கூடாது என்று நிபந்தனை போடும் நிறுவனங்களும் உண்டு. படகின் பதிவு எண் வேறு மாநிலத்தில் குறைந்தது 60 நாள் செல்லும், அதற்கு மேல் தங்கினால் அந்த மாநில விதியைக் கேளுங்கள். ட்ரெய்லரின் பதிவு வேறு, படகின் பதிவு வேறு, இரண்டின் நகலும் ஓட்டுநர் கையில் இருக்கட்டும்.

திரும்பி வரும் பயணத்தையும் போகும்போதே பேசி முடியுங்கள். இலையுதிர் காலத்தில் எல்லாப் படகும் தெற்கே போகும், வசந்தத்தில் எல்லாம் வடக்கே வரும், அப்போது லாரிக்கு அடிதடி. கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போக முடிந்தால் காலியாகத் திரும்பும் லாரி ஒன்று கிடைக்கும், விலையும் பேசலாம். இரண்டு வாரம் முன்பின் என்று தேதியைத் தளர்த்திக் கொடுத்தால் இன்னும் பேசலாம்.