கஃபே ரேசர் கட்டும் முன் கிரைண்டரை ஒளித்து வையுங்கள்

பழைய பைக்கின் பின்பக்கத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் தாழ்த்தி, ரேஸ் வண்டி மாதிரி மாற்றுவதுதான் கஃபே ரேசர். அந்த ஆசையில், வண்டி தோட்டத்துச் சாளைக்கு வந்து சேர்ந்த அன்று பொழுதோடவே, இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்துப் பின்பக்கச் சேசிஸை (வண்டியின் இரும்புச் சட்டம்) அறுத்துவிட்டேன். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு பால்காரரிடம் வாங்கிய பழைய சுசுகி மேக்ஸ் 100 பைக் அது. கேன் தொங்கவிடும் கம்பிகூட அப்படியே இருந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் இன்ஜினைப் பிரித்தேன். கிராங்க் பேரிங் போயிருந்தது. சேசிஸை அறுத்தாகிவிட்டது, இன்ஜின் ஓடாது, கையில் காசும் இல்லை. எட்டு மாசம் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கோழி அதன் கீழே அடைகாத்தது.

அதனால் முதலில் ஒரு மாதமாவது வண்டியை இருக்கிறபடியே ஓட்டுங்கள். கியர் நழுவுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, சூடானதும் திரும்ப ஸ்டார்ட் ஆகிறதா என்றெல்லாம் அப்போதுதான் தெரியும். அறுத்த பிறகு பார்த்தால், கோளாறு வண்டியுடையதா உங்களுடையதா என்றே புரியாது.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் சறுக்கல் உண்டு. யமஹா ஆர்.எக்ஸ். 100 கிடைத்தால் தயவுசெய்து அறுக்காதீர்கள். 1985 முதல் 1996 வரைதான் இங்கே தயாரித்தார்கள். ஒரிஜினலாக வைத்திருந்தால் அதற்கு இருக்கும் மதிப்பு அறுத்தால் போய்விடும். முதல் முறை கட்டுகிறவருக்கு நான் சொல்வது ஹீரோ ஹோண்டா சிடி 100. ஸ்பிளெண்டரின் 97.2 சிசி இன்ஜினும் அதே வம்சம் என்பதால் இன்ஜின் சாமான் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

அப்புறம் ஆர்.சி. புக். "பேப்பர் இல்லீங்க, ஆனா வண்டி கண்டிசன்" என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். பேப்பர் சரியாக இருந்தாலும் சட்டம் நம் பக்கம் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். போதாததற்கு, 15 வருடம் தாண்டிய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே போல்ட்டைக் கழற்றினால் பழையபடி மாறும் வேலைகளை மட்டும் செய்து, கழற்றிய சாமான் அத்தனையையும் பரணில் போட்டு வையுங்கள். வெறும் ரேஸ் வண்டிதான் வேண்டுமென்றால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது. டிராக்குக்கு என்றே ஒரு வண்டி கட்டிக்கொள்ளலாம்.

அப்படி டிராக்குக்கென்று அறுக்கிறவர்களுக்கு: சாக்அப்சார்பரின் மேல் போல்ட்டுக்கு முன்னால் கிரைண்டர் போகவே கூடாது. அறுத்த முனைகளைச் சேர்க்கும் புது இரும்பு வளையத்தை வைக்கும் முன் சாக்அப்சார்பரைக் கழற்றி, சக்கரத்தை மேலே முழுக்கத் தூக்கிப் பாருங்கள். சக்கரம் சீட்டின் அடியில் இடித்தால் இப்போதே தெரிந்துவிடும். பிளம்பிங் ஜிஐ பைப்பை ஒட்ட வைக்காதீர்கள். துத்தநாகப் புகை நெஞ்சுக்கும் ஆகாது, வெல்டிங்கும் நிற்காது. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும், பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் சிடிஐ யூனிட்டையும் கழற்றிவிடுங்கள்.

நான் அதிகம் அவதிப்பட்டது ஃபுட்ரெஸ்ட்டில். ஃபோர்க்கிலேயே தாழ்வாகக் கவ்வும் கிளிப்-ஆன் ஹேண்டில் மாட்டினால் உடம்பு குனியும். கால் பழைய இடத்திலேயே இருந்தால் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். நம்மூர் வேகத்தடைகளில் பத்துக் கிலோமீட்டர் போனாலே கை மரத்துவிடும். அதனால் ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ள வேண்டும். கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அழகாகக் கடைந்து வாங்கி வந்தேன். மாட்டிப் பார்த்தால், கிக்கர் பாதி தூரம் இறங்கி 'டங்'கென்று அதில் இடித்தது. திரும்பக் கொண்டுபோனேன். லேத்துக்காரர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்கண்ணு, வண்டிய ஸ்டார்ட் பண்ணோணுமா, இல்ல தள்ளிட்டே போறதா?" என்றார். வலது பக்கத்துக்கு மடங்குகிற மாதிரி இன்னொன்று செய்து கொடுத்தார். பழைய சின்ன வண்டிகளில் பெரும்பாலும் செல்ஃப் கிடையாது என்பதை மறந்தே போய்விடுகிறோம். கியர் லீவரைப் பின்பக்கம் பார்த்துத் திருப்பி மாட்டினால் கியர் விழும் திசை தலைகீழாகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். கட்டை விரல் டேங்கில் நசுங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது திருப்பினால் சத்தம் ஏறக் கூடாது. ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம்.

டூ ஸ்ட்ரோக்காரர்கள் சைலன்சரை வெட்டும் ஆசையை விட்டுவிட வேண்டும். புகையோடு கொஞ்சம் புதுப் பெட்ரோலும் காற்றும் சேர்ந்து வெளியே ஓடப் பார்க்கும். சைலன்சரின் வயிறு குறுகும் இடத்தில் அழுத்த அலை மோதித் திரும்பி, ஓடியதைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அந்த வயிற்றை வெட்டினால் மிஞ்சுவது சத்தம்தான். இழுவை போய்விடும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டுச் சின்னக் குமிழ் ஃபில்டர் மாட்டுவதும் இதே ரகம். காற்று கூடும், பெட்ரோல் கூடாது, இன்ஜின் கொதிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பால் காபி நிறம் இருந்தால் சரி, வெள்ளை என்றால் ஆபத்து. என் சிநேகிதன் பார்க்காமல் போய், சித்திரை வெயிலில் பல்லடம் ரோட்டில் பிஸ்டன் பிடித்து நின்றான்.

டேங்க் ஓட்டையை வெல்டிங் வைக்க நீங்களே இறங்காதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே இருப்பது ஆவி. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

பவுடரைப் பூசிச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைக்கும் பெயிண்ட்டான பவுடர் கோட்டிங் எப்போதும் கடைசி வேலை. எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டி, ஓட்டிப் பார்த்து, திரும்பப் பிரித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். சேசிஸ் நம்பர், மரைகள், பேரிங் உட்காரும் இடம் இவற்றை மறைத்துக் கொடுங்கள். எனக்கு இதுவும் தெரியாது. பளபளவென்று வந்த சேசிஸில் புது வயரிங் போட்டுச் சாவியைத் திருப்பினால் லைட் இல்லை, ஹாரன் இல்லை. இரண்டு நாள் வயரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கோட்டிங் கரண்டை விடாது என்பது கடைசியில்தான் உறைத்தது. எர்த் போல்ட்டுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அதைச் சுரண்டினேன். ஹாரன் அடித்த அடியில் கோழி சாளைக்கு வெளியே பறந்தது.