ஃபெஸ் பழைய நகரத்தில் முதல் நாள்: சரிவைப் பிடித்துக்கொண்டு நடங்கள்

மொராக்கோவில் ஃபெஸ் போய் வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, மதீனாவுக்குள், அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள், வழி தெரியாமல் சுற்றிய கதையைத்தான். என்னிடமும் ஒன்று இருக்கிறது. முதல் நாள் கைப்பேசி மேப்பை நம்பி நடந்தேன், சந்துகள் ஆழமாகவும் குறுகலாகவும் இருந்ததால் அந்த நீலப் புள்ளி என்னை யாரோ ஒருவர் வீட்டுச் சமையற்கட்டுக்குள் நிற்பதாகக் காட்டியது, நானோ பக்கத்துச் சந்தில் ஒரு மூடிய கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் நாள்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த ஊருக்கு மேப் தேவையில்லை, கால் சொல்வதைக் கேட்டால் போதும். கால் இறங்குகிறதா ஏறுகிறதா என்பதை வைத்தே போய்த் திரும்பலாம். அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: உள்ளே போவதற்கு முந்தைய நாள் மாலை, மேலேயிருந்து பாருங்கள்

ஊருக்கு வடக்கே ஒரு குன்று இருக்கிறது, மரினிட் அரசர்களின் சிதைந்த கல்லறைகள் அங்கேதான். டாக்சி பிடித்து மேலே போய் அரை மணி நேரம் உட்காருங்கள். கீழே தெரிவது ஃபெஸ் எல் பாலி, அதாவது பழைய ஃபெஸ். ஒரு பெரிய கிண்ணத்துக்குள் வீடுகளைக் கொட்டி வைத்தது போல இருக்கும். கிண்ணத்தின் அடியில் ஆறு. 789இல் அரசர் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் ஒரு கரையில் குடியேற்றத்தைத் தொடங்கினார், 809இல் அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் எதிர்க்கரையில் இன்னொன்றைக் கட்டினார். தனித்தனி மதில்களோடு எதிரெதிரே நின்ற இந்த இரண்டு ஊர்களையும் 11ஆம் நூற்றாண்டில் அல்மொராவிது அரச வம்சத்தார்தான் ஒன்றாக்கினார்கள். இரண்டு சரிவு, நடுவில் பள்ளம். இந்த உருவத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேண்டியது இதுதான்.

பச்சை ஓடு வேய்ந்த கூரைகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் பள்ளிவாசலோ மதரஸாவோ அடக்கத்தலமோ. நடுவில் பச்சை அடர்த்தியாகத் தெரியும் இடம் கரவிய்யீன், பள்ளிவாசலும் பல்கலைக்கழகமும் சேர்ந்த இடம். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், அங்கே ராத்திரியில் தனியாகச் சுற்ற வேண்டாம்.

இரண்டாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

சில்லறை. மொராக்கோ பணமான திர்ஹம் வெளிநாட்டில் எளிதாகக் கிடைக்கிறதில்லை, மொராக்கோவில் இறங்கியதும் ஏடிஎம்மில் எடுத்து, முதல் கடையிலேயே தண்ணீரோ பிஸ்கட்டோ வாங்கி நோட்டை உடைத்து விடுங்கள். அடிப்பக்கம் வழுக்காத செருப்போ ஷூவோ, ஏனென்றால் கல் பாவிய சரிவு, மேலே கழுதைச் சாணமும் கழுவிவிட்ட தண்ணீரும். தங்கியிருக்கும் ரியாதின் முகவரியை அரபியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரியாத் என்றால் நடுவில் முற்றமும் தோட்டமும் வைத்துக் கட்டிய பழைய வீடு, இப்போது பல ரியாதுகள் விடுதிகளாகி விட்டன. மேப்பை முன்பே இறக்கி வையுங்கள், எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று குத்துமதிப்பாகப் பார்க்க மட்டும்.

வெள்ளிக்கிழமை முதல் நாளாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும்.

மூன்றாம் படி: நீல வாயிலில் தொடங்குங்கள்

பாப் பூ ஜெலூத். பாப் என்றால் வாயில். வெளிப்பக்கம் நீல ஓடு, ஃபெஸ் நகரத்தின் நிறம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் பச்சை, இஸ்லாத்தின் நிறம். ஏதோ ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நினைத்துப் படம் எடுக்காதவர் இல்லை, ஆனால் இதைக் கட்டியது 1913இல், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில். அதற்காக அழகு குறைந்துவிடவில்லை.

உள்ளே நுழைந்ததும் இரண்டு தெருக்கள் பிரியும். இடப்பக்கம் தலா கபீரா, வலப்பக்கம் தலா ஸகீரா. பெரிய ஏற்றம், சின்ன ஏற்றம் என்று பொருள். பெயரிலேயே விடை இருக்கிறது பாருங்கள்: நீங்கள் இப்போது நிற்பது மேட்டில். இரண்டு தெருவும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கி, ஊரின் நடுப்பகுதியில் போய் முடியும். முதல் முறை போகிறவர்கள் தலா கபீராவில் இறங்குங்கள், திரும்பும்போது மற்றதில் ஏறலாம்.

கிளம்புவதற்கு முன் காலை உணவு. வாயிலை ஒட்டிய கடைகளில் பிஸாரா கிடைக்கும். உலர்ந்த மொச்சை வகைப் பயறு ஒன்றை மசிய வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் போட்டுத் தருவார்கள், ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். காலையிலேயே தீர்ந்துவிடும். இல்லையென்றால் ம்ஸெமென் கேளுங்கள், சதுரமாக மடித்துச் சுட்ட நம்மூர் பரோட்டா என்றே வைத்துக்கொள்ளலாம், ஆனால் தேன் ஊற்றித் தருவார்கள்.

நான்காம் படி: "பாலக்!" கேட்டால் சுவரோடு ஒட்டுங்கள்

மதீனாவுக்குள் கார் வராது. கேஸ் சிலிண்டர், சிமெண்ட், தோல், சோடாப் பெட்டி எல்லாம் கோவேறு கழுதை மேலும் தள்ளுவண்டியிலும்தான் போகும். பின்னாலிருந்து "பாலக், பாலக்!" என்று குரல் வந்தால் திரும்பிப் பார்த்து ரசிக்க நேரமில்லை, வழி விடு என்று அர்த்தம், உடனே சுவரோரம் ஒதுங்குங்கள். என் தோளில் ஒரு முறை பச்சைத் தோல் கட்டு உரசிப் போனது, அந்தச் சட்டையை எத்தனை முறை துவைத்தும் நாற்றம் போகவில்லை.

ஐந்தாம் படி: பூ இனானியாவில் நில்லுங்கள்

தலா கபீராவில் சில நிமிடம் நடந்ததும் பூ இனானியா மதரஸா வந்துவிடும். மரினிட் சுல்தான் அபூ இனான் 1350களில் கட்டியது. முஸ்லிம் அல்லாதவர்களும் டிக்கெட் வாங்கி முற்றம் வரை போகலாம், இந்த ஊரில் அப்படிப்பட்ட வழிபாட்டிடம் அரிது. சுவரை கீழிருந்து மேலே பாருங்கள்: முதலில் வண்ண ஓட்டுத் துண்டுகள், அதற்கு மேல் செதுக்கிய சுண்ணச்சாந்து, அதற்கும் மேலே தேவதாரு மரம். இந்த வரிசை ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் ஊர் முழுக்க அதையே பார்ப்பீர்கள்.

எதிரே தெருவுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் பன்னிரண்டு சன்னல்களும் நீட்டிய மரக்கட்டைகளும் தெரியும். 1357இல் அமைத்த நீர்க் கடிகாரம் அது. எப்படி ஓடியது என்பது இன்றுவரை முழுதாகப் புரிபடவில்லை.

ஆறாம் படி: பள்ளத்துக்கு வந்தாயிற்று

தெருவின் கடைசியில் வாசனைத் திரவியமும் மசாலாவும் விற்கும் அத்தாரீன் கடைத்தெரு. நாம் சொல்லும் அத்தர்தான் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. 1325இல் முடிந்த அத்தாரீன் மதரஸா இங்கேதான், சின்னது, ஆனால் எனக்கு பூ இனானியாவைவிட இதுதான் பிடித்தது. பக்கத்துச் சந்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரச்சட்டம் குறுக்கே இருக்கும். இரண்டாம் இத்ரீஸின் அடக்கத்தலத்தைச் சுற்றிய புனித எல்லை அது. கழுதையும் முஸ்லிம் அல்லாதவர்களும் அதைத் தாண்டக் கூடாது என்று ஒரு காலத்தில் விதி. இன்று சந்து வரை எல்லோரும் போகலாம், உள்ளே தொழுமிடத்துக்கு முஸ்லிம்கள் மட்டும்.

ஒட்டினாற்போல் கரவிய்யீன். துனீசியாவின் கைரவானிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி 859இல் நிறுவினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. உலகில் இடைவிடாமல் இயங்கிவரும் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று கின்னஸ் இதைத்தான் குறிக்கிறது. இங்கேயும் முஸ்லிம்கள் தொழப் போகலாம், மற்றவர்கள் திறந்திருக்கும் கதவு வழியாக முற்றத்தைப் பார்க்கலாம். வாசலை மறித்து நிற்காமல் ஓரமாக நின்று பாருங்கள்.

ஏழாம் படி: காதால் ஒரு இடம், மூக்கால் ஒரு இடம்

கரவிய்யீன் சுவரைச் சுற்றி வந்தால் டங் டங் என்று சத்தம் கேட்கும். சத்தத்தைத் தொடருங்கள், ஸஃபாரீன் சதுக்கம். செம்புப் பாத்திரக்காரர்கள், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பெரிய பெரிய அண்டா வரை அடித்துக்கொண்டிருப்பார்கள். மூலைக் கடையில் புதினாத் தேநீர் வாங்கிக்கொண்டு உட்காரலாம்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் மூக்கே வழி சொல்லும். ஷுவாரா தோல் பதனிடும் இடம். சுண்ணாம்பும் மாட்டுக் கோமியமும் கலந்த தொட்டியில் தோலை ஊறப்போட்டு மயிரைக் கழற்றுவார்கள், புறா எச்சத் தொட்டியில் போட்டு அதை மென்மையாக்குவார்கள், அந்த எச்சத்தில் உள்ள அம்மோனியாதான் வேலை செய்கிறது. அப்புறம் சாயத் தொட்டி. இடுப்பளவு சாயத்தில் இறங்கி நின்று மிதிக்கிற ஆட்களைப் பார்த்தபின் பேரம் பேசும் ஆசை எனக்குக் கொஞ்சம் குறைந்துபோனது.

மேலிருந்து பார்க்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடிக்குத்தான் ஏற வேண்டும். கையில் புதினா இலை கொடுத்து அழைத்துப் போவார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் மாடிக்கு ஏதாவது காசு எதிர்பார்ப்பார்கள், ஏறும் முன்பே எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். வாங்குவதாக இருந்தால் "பிஷ்ஹால்?" என்றால் எவ்வளவு, "ஸாஃபி" என்றால் போதும்.

எட்டாம் படி: தொலைந்தால் என்ன செய்வது

தொலைவீர்கள். பதற வேண்டாம். பெயர்ப்பலகையில் "தெர்ப்" என்று ஆரம்பித்தால் அது வீட்டுச் சந்து, பெரும்பாலும் முட்டுச்சந்தாகத்தான் முடியும், வந்த வழியே திரும்புங்கள். கூட்டமும் கடையும் இருக்கும் தெருவுக்கு வந்ததும் காலைக் கேளுங்கள். இறக்கம் உங்களை ஆற்றுப் பக்கம், ரசீஃப் சதுக்கம் இருக்கும் பள்ளத்துக்குக் கொண்டுபோகும். கரவிய்யீன் பக்கமிருந்து மேற்கே ஏறினால் ஏதாவது ஒரு தலா கிடைத்து நீல வாயிலில் கொண்டுபோய் விடும்.

"அந்த வழி அடைப்பு, என்னோடு வாருங்கள்" என்று யாராவது வருவார்கள். நானும் ஒரு பையன் பின்னால் போனேன். இருபது நிமிடம் சுற்றி, ஒரு கம்பளக் கடை, ஒரு எண்ணெய்க் கடை எல்லாம் காட்டி, கடைசியில் நான் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து காசு கேட்டான். சிரித்துக்கொண்டே "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) சொல்லி நடையைக் கட்டுங்கள். வழி கேட்கத்தான் வேண்டுமென்றால் கடைக்குள் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள், அவரால் கடையை விட்டு எழுந்து உங்களோடு வர முடியாது.

ஒன்பதாம் படி: வெளியே வருவது

கால் வலித்தால் ஏற வேண்டாம், ரசீஃபுக்கு இறங்கிவிடுங்கள். அங்கே சிவப்பு நிற பெத்தி டாக்சிகள், அதாவது சின்ன டாக்சிகள், நிற்கும், மூன்று பேர் வரை ஏற்றுவார்கள். ஏறியதும் மீட்டர் போடச் சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் மீட்டரில் காட்டுவதோடு பாதி சேர்த்துக் கேட்பார்கள், அது ஏமாற்று இல்லை, இரவுக் கட்டணம். "பூ ஜெலூத்" என்று சொன்னால் போதும், மதிலுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போய் காலையில் பிஸாரா சாப்பிட்ட வாயில் பக்கமே இறக்கி விடுவார்கள்.