கீழைக்கடற்கரை வழியே நெடுந்தூர ரயில் பயணம்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எங்கள் பக்கத்து ஊர்களில், சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது போலவே இப்போது விசாகப்பட்டினத்திலும் புவனேசுவரத்திலும் கொல்கத்தாவிலும் வேலையாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் பேசுகிறார்கள். பேரப்பிள்ளை பிறந்தாலும் புது வீடு குடிபோனாலும் பெரியவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறுகிறார்கள். என் மகள் புவனேசுவரத்தில் குடியேறிய பிறகு நானும் என் மனைவியும் ஆறு முறை இந்தப் பயணத்தைச் செய்திருக்கிறோம். அதில் நாங்கள் செய்தவையும் உறவினர்கள் செய்யக் கண்டவையுமான தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து முளைக்கின்றன. இரவு ஏறிப் படுத்தால் விடியும்போது எழும்பூர் என்ற சென்னைப் பயணப் பழக்கத்தை, இரண்டு வண்டிகளும் இரண்டு இரவுகளும் கொண்ட ஒரு பயணத்துக்கும் அப்படியே கொண்டுவந்து விடுகிறோம்.

முதல் தவறு இணைப்பு வண்டிக்கு நேரம் ஒதுக்குவதில் நேர்கிறது. தெற்கிலிருந்து வரும் நம் வண்டிகள் எழும்பூரில் நிற்கின்றன. ஆந்திரம், ஒடிசா வழியாகக் கிழக்குக் கரையில் செல்லும் வண்டிகளில் பல சென்ட்ரலிலிருந்து புறப்படுகின்றன. சென்ட்ரலிலிருந்து கொல்கத்தா பக்கம் போகும் கோரமண்டல் விரைவு வண்டி காலையிலேயே புறப்பட்டுவிடும் என்பதால், விடியற்காலையில் எழும்பூர் சேரும் இராமேசுவரம் வண்டியில் வந்து அதைப் பிடித்துவிடலாம் என்று தாளில் கணக்குப் போடுபவர்கள் உண்டு. அந்த வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். 2025-இல் எழும்பூர் நிலையச் சீரமைப்புப் பணிக்காகத் தென்மாவட்ட வண்டிகள் சில தற்காலிகமாகத் தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டபோது, அதைக் கவனிக்காமல் போனவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் இடையே மெட்ரோவில் ஒரே நிறுத்தம்தான் என்றாலும், நான்கு பெட்டிகளோடும் முழங்கால் வலியுள்ள ஒரு பெரியவரோடும் படிகளைக் கடக்கும் நேரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். குறைந்தது நான்கைந்து மணி நேர இடைவெளி விடுங்கள். அது இயலாவிட்டால் முந்தைய நாளே காரைக்குடியிலிருந்து புறப்படும் பல்லவன் விரைவு வண்டியில் போய், நண்பகலில் இறங்கி, ஓர் இரவு சென்னையில் தங்கிவிடுங்கள். உறுதியான சீட்டு இருந்தால் அதன் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டே நிலையத்தின் ஓய்வறையை முன்பதிவு செய்யலாம். இரண்டு சீட்டுகளையும் இணைப்புப் பயணமாகப் பதிவு செய்துகொள்ளும் வசதி 2019 ஏப்ரல் முதல் இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணத்தை ரத்துக் கட்டணப் பிடித்தமின்றித் திரும்பப் பெற அது உதவும். ஆனால் இரண்டு சீட்டுகளிலும் பயணிகளின் விவரங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் அப்பாவின் முழுப் பெயரும் மற்றதில் முதலெழுத்தும் சுருக்கப் பெயருமாகப் பதிவு செய்வது வீண் சிக்கல்.

இந்தச் சுற்றே வேண்டாம் என்பவர்களுக்கு நேர் வண்டிகளும் உண்டு. இராமேசுவரத்திலிருந்து புவனேசுவரம் செல்லும் வாராந்திர வண்டி நம் பாதை வழியாகவே போகிறது. திருச்சியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் ஹவுராவுக்கு வண்டிகள் இருக்கின்றன. எல்லா நாளும் ஓடாத வண்டிகள் என்பதை நினைவில் வைத்துச் சீமந்தத்துக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ நாள் குறிக்கும்போதே வண்டி ஓடும் கிழமையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுபோல நம் ஊர் வழியாகப் போகும் வண்டியெல்லாம் செட்டிநாடு நிலையத்திலும் தேவகோட்டை ரஸ்தாவிலும் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

நள்ளிரவுத் தேதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நானே சிக்கியிருக்கிறேன். நம் வழக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். பஞ்சாங்கமும் சூரிய உதயத்திலிருந்தே நாளைக் கணக்கிடுகிறது. ரயில்வேக்கோ இரவு 12 மணி கடந்ததும் அடுத்த தேதி வந்துவிடுகிறது. ஒருமுறை ஊர் திரும்பும்போது எங்கள் சீட்டில் 14-ஆம் தேதி 00:40 என்று அச்சிட்டிருந்தது. 14-ஆம் தேதி இரவு சாப்பாட்டை முடித்து, பேத்தியைத் தூங்க வைத்துவிட்டு, 11 மணிக்கு நிலையம் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் வண்டி ஏறத்தாழ 22 மணி நேரத்துக்கு முன்பே போயிருந்தது. கையில் பெட்டிகளோடு அறிவிப்புப் பலகையின் அடியில் என் மனைவி நின்ற நிலையை இன்னும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து, நள்ளிரவு கடந்து புறப்படும் வண்டியென்றால் தினசரி காலண்டரில் முந்தைய நாளின் தாளில் "இன்று இரவு வண்டி" என்று எழுதிவிடுகிறோம். சீட்டு எடுப்பவர் எவராயினும், பயணம் செய்யும் பெரியவரிடம் தேதியை மட்டும் சொல்லாமல், "வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்காமல் கிளம்ப வேண்டும்" என்று கிழமையையும் வேளையையும் சேர்த்துச் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

சீட்டு எடுப்பதில் நல்லெண்ணத்தால் நேரும் தவறு ஒன்றுண்டு. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ் பெர்த்தில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வயதுடையவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரே சீட்டில் போகும்போதுதான் அது பொருந்தும். குடும்பமெல்லாம் ஒரே சீட்டில் இருந்தால்தான் பாதுகாப்பு என்று மகன், மருமகள், பிள்ளைகள் அனைவரையும் பெரியவர்களோடு சேர்த்துப் பதிவு செய்தால், அந்த ஒதுக்கீட்டை இழந்து, எழுபது வயது அம்மாவுக்கு நடு பெர்த் வந்து சேரும். ஒரே பெட்டியில் அமையுமா என்ற கவலை நியாயமானதே என்றாலும், பெரியவர்கள் இருவருக்கும் தனிச் சீட்டு எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆர்.ஏ.சி. சீட்டை நம்பிப் பெரியவர்களை ஏற்றுவதும் கூடாது. பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை இருவர் பகிர்ந்து உட்கார்ந்தே வருவது சென்னைக்குச் சரிப்படலாம், ஒரு பகலும் ஓர் இரவும் தாங்காது. காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் சீட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏறவே இயலாது.

முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது; 120 நாள் என்ற பழைய கணக்கு 2024 நவம்பர் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இதில் பலரும் விடும் பிழை, நம் ஊர்ப் பண்டிகைகளை மட்டும் பார்த்து நாள் தேர்ந்தெடுப்பது. நவராத்திரி நமக்கு வீட்டில் கொலு வைக்கும் பண்டிகை. வங்காளத்துக்கும் ஒடிசாவுக்கும் அது துர்கா பூஜை. தமிழ்நாட்டில் வேலை செய்யும் அந்த மாநிலத்தவர்கள், நம் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்புவதைப் போலவே, அப்போது சொந்த ஊருக்குப் போகிறார்கள். ஆனி மாதத்தை ஒட்டி வரும் பூரி ரத யாத்திரையின்போது பூரிக்குப் பாதை பிரியும் குர்தா ரோடு பக்கம் செல்லும் வண்டிகளில் இடமிராது. பொங்கலின்போது ஆந்திரத்தில் சங்கராந்தி. ஆகவே நாள் குறிக்கும் முன், போகும் ஊரில் இருக்கும் மகளிடமோ மகனிடமோ அந்த ஊர்ப் பண்டிகைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தக் கரைக்குப் பயணம் வைக்கும்போது புயலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையே வெள்ளத்தில் நிற்க, சென்ட்ரலிலிருந்து புறப்பட வேண்டிய பல வண்டிகள் ரத்தாயின. ரயில்வேயே வண்டியை ரத்து செய்தால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். நீங்கள் ஏறும் நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணத்தைக் கைவிட முடிவு செய்தாலும் முழுத் தொகையையும் கோரலாம். ஆனால் வண்டி புறப்படும் முன்பே அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதற்றத்தில் முன்னதாகவே தாமாகச் சீட்டை ரத்து செய்து பணத்தை இழப்பவர்கள் அதிகம். ரயில்வேயின் 139 என்ற எண்ணில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது சாப்பாடும் மூட்டையும். பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது கையை வீசிக்கொண்டு போக நம்மால் முடியாது. தேன்குழல், சீடை, மணகோலம், அதிரசம், மாவுருண்டை, வத்தல், ஊறுகாய் என்று டின் டின்னாகக் கட்டுகிறோம். அந்த அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை. படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவருக்கு 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுசெல்லலாம் என்றாலும், அந்த 40 கிலோவைத் தூக்கி இறக்குபவர் யார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு கையால் தூக்கக்கூடிய சிறு பைகளாகப் பிரித்துக் கட்டுவது நல்லது. மாவுருண்டையை டின்னில் தளர்வாக அடுக்கினால் போய்ச் சேரும்போது மாவுதான் மிஞ்சும்; இடைவெளியில் தாளைச் சுருட்டி வைத்து அசையாமல் மூட வேண்டும். ஊறுகாய்ப் பாட்டிலின் வாயில் ஒரு பாலித்தீன் தாளை வைத்து, அதன்மேல் மூடியைத் திருகி, எவர்சில்வர் தூக்குக்குள் நிமிர்த்தி வைத்தால், எண்ணெய் கசிந்தாலும் புடவை தப்பும்.

வழிச் சாப்பாட்டில் பெருந்தவறு, சூடு ஆறும் முன் கட்டுவது. ஆவியோடு மூடிய இட்லி வியர்த்து, மறுநாள் காலையில் நூல் விடும். நன்றாக ஆறவிட்டு, இரு புறமும் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழை இலையில் வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுங்கள். ஒரே பெரிய தூக்கில் அடைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கை பட்டு மிச்சமும் கெட்டுவிடும். தேங்காய்ச் சட்னி முதல் வேளையைத் தாண்டாது. புளிச்சோறு மறுநாள் மதியம் வரை தாங்கும். அதற்குப் பிறகு வண்டியில் வாங்கிச் சாப்பிடுவதே மேல். மருந்துப் பை பெர்த்தின் அடியிலுள்ள பெட்டிக்குள் போய்விடாமல் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று சிறு அடுப்பைத் துணியில் சுற்றி எடுத்துவரும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மதுரையில், சுற்றுலாப் பயணிகள் தங்களுக்கென்று பதிவு செய்திருந்த பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது அது. பிரதோஷம், கிருத்திகை என்று பெட்டிக்குள் கற்பூரம் ஏற்றுவதும் அதே வகையான ஆபத்துதான். வெந்நீர்க் குடுவை போதும்.

கடற்கரைப் பாதை என்றதும் சன்னல் வழியாகக் கடல் தெரிந்துகொண்டே வரும் என்று குழந்தைகளிடம் சொல்லிவிடாதீர்கள். சூளூர்பேட்டை, நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று பாதை கடலை விட்டு விலகி வயல்களுக்கு நடுவே போகிறது. பார்க்க வேண்டியவை வேறு: விஜயவாடாவில் கிருஷ்ணை, ராஜமுந்திரியில் கோதாவரி. பாலத்தில் காசு போடுவதற்காகக் கதவைத் திறந்து வாசலில் நிற்பது உயிருக்கு ஆபத்தானது. கும்பிடுவதை இருக்கையிலிருந்தே செய்யலாம். விசாகப்பட்டினத்தில் வடக்கே செல்லும் வண்டிகளுக்கு இஞ்சின் மறுமுனைக்கு மாறுகிறது. முதல் பயணத்தில் எங்களோடு வந்த எங்கள் ஆத்தா, வண்டி பின்னோக்கி நகர்ந்ததும் என் கையைப் பிடித்து, "என்னப்பா, வந்த வழியே திரும்புது, வண்டி மாறி ஏறிட்டமா?" என்று பதறிவிட்டார்கள். சில வண்டிகளில் இதே பதற்றத்தில் பெட்டியை விட்டு இறங்கி விசாரிக்கப் போகிறவர்களும் உண்டு. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிரம்மபூரைத் தாண்டி, பகல் வெளிச்சம் இருக்குமானால், வடக்கு நோக்கிப் போகையில் வலப்புறத்தில் சிலிகா ஏரி கடல் போலவே விரிந்து கிடப்பதைக் காணலாம். ஆத்தா கண்ணை எடுக்காமல் பார்த்தது அதைத்தான்.

இறங்கும் நிலையத்தின் பெயரை முழுதாகப் பாருங்கள். கோரமண்டல் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரில் முடிகிறது. சில வண்டிகள் விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் நுழையாமல் துவ்வாடாவோடு விலகிப் போகின்றன. புவனேசுவரத்திலும் "புவனேசுவரம் நியூ" என்று தனி நிலையம் இருக்கிறது. அழைத்துப் போக வரும் மருமகனுக்கு வண்டியின் எண், நிலையத்தின் பெயர், பெட்டி எண் மூன்றையும் முதல் நாளே எழுதி அனுப்பிவிடுங்கள். இரவில் கைப்பேசி அணைந்துபோனாலும் கவலையில்லை.

திரும்பும் சீட்டை மறப்பது கடைசித் தவறு. பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகப் போய் மூன்று மாதம் தங்குபவர்கள், 60 நாள் விதியால், புறப்படும் முன்பே திரும்பும் சீட்டை எடுக்க முடியாது. அங்கே போனபின் குழந்தையின் முகத்தில் நாள் போவதே தெரியாது. பிள்ளையார் நோன்புக்கு ஊரில் இருக்க வேண்டும் என்ற நினைப்பு வரும்போது ஒரு பெர்த்தும் மிஞ்சியிராது. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே திரும்பும் தேதியை முடிவு செய்து, அதற்கு 60 நாள் முன்பு வரும் நாளை மகள் வீட்டுக் காலண்டரில் வட்டமிடுங்கள். முன்பதிவு காலை 8 மணிக்குத் திறக்கும். தொடக்க நேரத்தில் ஆதார் சரிபார்க்கப்படாத கணக்கில் சீட்டு எடுக்க முடியாது என்பதால், அந்தச் சரிபார்ப்பையும் இருவரின் பெயர், வயது விவரங்களையும் முந்தைய நாள் மாலையே முடித்து வைக்கச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு அந்த வீட்டில் ஒருவர் அலுவலகத்துக்கும் ஒருவர் குழந்தையைக் குளிப்பாட்டவும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.