சூடும் அமிலமும் தாங்கும் ஈஸ்ட்: மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தும் முறை

எண்ணெய்ப்பனைக் குலைச் சக்கையை அமிலத்தில் வேகவைத்துச் சர்க்கரை பிரித்தால் ஈஸ்டைத் தடுக்கும் ஃபர்ஃபியூராலும் அசிட்டிக் அமிலமும் கூடவே வந்துவிடும். சாதாரண ஈஸ்ட் அதில் முடங்கிப்போகும். வெயில் குறையாத சிங்கப்பூரில் ஈஸ்ட் வளரும் நொதிகலனைக் குளிர்விப்பதும் பெருஞ்செலவு. அதனால்தான் 40 டிகிரியில் எத்தனால் தரும் ஈஸ்டுக்கு இங்கே இவ்வளவு மதிப்பு.

எந்த மரபணு மாற்றம் இந்தத் தாங்குதிறனைத் தருகிறது என்று கண்டறியத் தாங்கும் ஈஸ்டை மட்டும் வரிசைப்படுத்தாதீர்கள், அது தோன்றிய தாய் வகையையும் சேர்த்துச் செய்யுங்கள். எஸ்288சி என்ற பொது மாதிரி ஈஸ்டின் மரபணுத்தொகுதியோடு மட்டும் ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான வேறுபாடுகள் வந்து குவியும், தாங்குதிறனின் காரணம் அவற்றுள் புதைந்துவிடும்.

மைனஸ் 80 டிகிரி இருப்பிலிருந்து நேராக 5 மில்லிலிட்டர் ஒய்பிடி எனும் ஈஸ்ட் வளர்ப்பு ஊடகத்தில் இட்டு, 30 டிகிரியில் ஓர் இரவு வளருங்கள். திரும்பத் திரும்ப மறுவளர்ப்பு வேண்டாம்: சூட்டைத் தாங்க உதவிய கூடுதல் குரோமோசோம், சூடோ அமிலமோ தரும் அழுத்தம் இல்லாத ஊடகத்தில் தொலைந்துபோகலாம். செல்கள் திரளாக ஒட்டினால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசலில் (50 மில்லிமோலார்) கழுவுங்கள். செல்களை ஒட்டவைக்கும் கால்சியம் நீங்கியதும் பிரிந்துவிடும்.

பெரும்பாலோர் சறுக்குவது செல்சுவரில்தான். முற்றிய செல்களின் சுவர் தடித்திருப்பதால் சுவரைக் கரைக்கும் சைமோலியேஸ் நொதி எளிதில் உடைக்காது. சுவர் போன செல்கள் வெடிக்காமல் காக்கும் 1 மோலார் சார்பிட்டால் கரைசலில் செல்களைக் கலந்து, நொதி சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, எஸ்டிஎஸ் எனும் சவர்க்காரக் கரைசல் சேர்த்து நுண்ணோக்கியில் பாருங்கள். செல்கள் வெளிறி மறைந்தால் சுவர் போய்விட்டது. பளிச்சென்று உருண்டையாகவே நின்றால் இன்னும் அரை மணி. நொதிப் புட்டியை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும். நம் ஊர் ஈரக்காற்று பட்டால் பொடி கட்டிபிடித்துவிடும்.

எஸ்டிஎஸ், பொட்டாசியம் அசிடேட், ஐசோப்ரோபனால் என வழக்கமான படிகளில் டிஎன்ஏவைப் பிரித்து, ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதியை இடுங்கள். அளவை, டிஎன்ஏவை மட்டும் ஒளிரச் செய்து அளக்கும் க்யூபிட் கருவியில் பாருங்கள். ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் கருவி எஞ்சிய ஆர்என்ஏவையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடும்.

மரபணுத்தொகுதி சுமார் 1.2 கோடி எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 100 முறை வாசிக்க 120 கோடி எழுத்துகள் போதும். ஆனால் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவும் ரைபோசோம் மரபணுக்களும் ஒரு பங்கை விழுங்கும், சற்றே கூட்டிக் கேளுங்கள். சிறு துண்டுகளாக வாசிக்கும் இலுமினா குறுவாசிப்பு மட்டும் போதாது என்பதே எங்கள் கருத்து: தொழில்துறை ஈஸ்டின் கூடுதல் மரபணுக்கள் பல குரோமோசோம் முனைகளில் இருக்கின்றன, அங்கே குறுவாசிப்புகள் தடுமாறும். நீண்ட துண்டுகளை வாசிக்கும் நானோபோர் முறையையும் சேருங்கள். அதற்கான டிஎன்ஏ உடையாமல் இருக்க அதை வோர்டெக்ஸ் குலுக்கியில் குலுக்காதீர்கள், அகன்ற முனைப் பிப்பெட் பயன்படுத்துங்கள்.

தரவை ஆராயும்போது முதலில் ஆழ வரைபடம், அதாவது குரோமோசோமின் ஒவ்வோர் இடமும் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்ற படம். ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு நகல்கள் கொண்ட இருமடிய ஈஸ்டில், ஒரு குரோமோசோம் மட்டும் 1.5 மடங்கு உயர்ந்திருந்தால் அதற்கு மூன்று நகல்கள். மாற்றங்களைத் தேடும் மென்பொருளிலும் மடியத்தை, அதாவது நகல் எண்ணிக்கையைச் சரியாகக் கொடுங்கள். ஒருமடியம் என்று விட்டால் இரண்டில் ஒரு நகலில் மட்டும் உள்ள மாற்றங்கள் தப்பிவிடும்.

ஐயமுள்ள மாற்றத்தைக் கிரிஸ்பர் எனும் மரபணுத் திருத்த முறை மூலம் தாய் வகையில் புகுத்தி, 40 டிகிரியில் ஃபர்ஃபியூரால் சேர்த்து வளர்ச்சியை அளந்து பாருங்கள். தாய் வகை மாறாமலே முடங்கினால் காரணம் அது மட்டுமல்ல, பட்டியலில் அடுத்ததற்குப் போங்கள்.