எம்வி கமாண்ட எடுத்துட்டு பைத்தான்லயே எழுதினேன்

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில பச்சத் தேயிலை எடைக்கணக்கு புரோகிராம் நான்தான் பாத்துக்கறேன், இலை வாங்கற ஒவ்வொரு சென்டரோட ஃபைலையும் பென்டிரைவுக்கு மாத்த, பைத்தான்லருந்து லினக்ஸ் கமாண்ட ஓட்டற ஓஎஸ்.சிஸ்டம் (os.system) போட்டு, ஃபைல இடம் மாத்தற எம்வி (mv) கமாண்ட கூப்பிட்டிருந்தேன், அந்த பென்டிரைவுலருந்துதான் பில் போடுவாங்க. ஒருநாள் ஒரு அக்கா வந்து "தம்பி, என் 42 கிலோவ காணோமே"ன்னு நிக்கறாங்க, மனசே கேக்கல. பாத்தா "கட்டபெட்டு காலை"ன்னு ஃபைல் பேர் நடுவுல ஸ்பேஸ், கமாண்ட படிச்சு ஓட்டற ஷெல் அத ரெண்டு ஃபைலா பிரிச்சிருச்சு, எம்வி எர்ரர் குடுத்தும் என் கோடு ரிட்டர்ன் வேல்யூவ (சரியா முடிஞ்சுதா தப்பான்னு திரும்பி வர்ற நம்பர்) பாக்காம முடிஞ்சதுன்னு குறிச்சுட்டு போயிருச்சு.

சரிபண்ண மொதல்ல பைத்தானோட ஓஎஸ்.ரீநேம் (os.rename) போட்டேன், பென்டிரைவ் வேற ஃபைல்சிஸ்டம்ங்கறதால ரீநேம் ஆகாதுன்னு லினக்ஸ்ல எர்ரர் 18 வந்துச்சு. அப்புறம் பைத்தான்லயே இருக்கற ஷுடில்.மூவ் (shutil.move) போட்டேன். ரீநேம் முடியலன்னா அதுவே காப்பி பண்ணிட்டு பழச அழிச்சுரும், ஷெல்லே நடுவுல வராததால ஸ்பேஸ் பிரச்சனையும் இல்ல. தப்பாச்சுன்னா எக்ஸப்ஷன் வந்து அங்கயே நின்னுரும், எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. ஆனா முழு ஃபைல் பேரோட குடுத்தா, லினக்ஸ்ல அதே பேர்ல அங்க இருக்கறது மேல கேக்காமலே எழுதிரும், அதனால அந்தப் பேர்ல ஏற்கனவே இருக்கான்னு முன்னாடியே ஒரு எக்ஸிஸ்ட்ஸ் செக் போட்டுக்கங்க.

நல்லவேளை அந்த ஃபைல் பழைய ஃபோல்டர்லயே இருந்துச்சு, அக்காவுக்கு அந்த மாச பில்லுலயே சேத்துட்டோம்.